வீட்டுக்கு வராத துப்பாக்கி

வேகத்தையும் குறியையும் சேர்த்துக் கணக்கிடும் கைத்துப்பாக்கிப் போட்டியின் மூன்றாவது கட்டம். ஆறு இலக்குகள், பன்னிரண்டு வேட்டுகள். டைமர் ஒலித்ததும் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடத் தொடங்கினேன். முதல் இரண்டு இலக்குகளும் சரியாக விழுந்தன. நான்காவது வேட்டுக்குப் பிறகு விரலைத் தளர்த்தினேன்; விரல் இழுக்கும் விசை (ட்ரிகர்) முன்னால் திரும்பி வரவில்லை. பின்பக்கமே கிடந்தது. குழல் முனையை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு, மகசின் என்ற தோட்டாப் பெட்டியைத் தட்டிப் பார்த்தேன், துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடை இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எஞ்சிய எட்டு வேட்டுகளையும் சுடாமலே நிறுத்தினேன். சுடாத ஒவ்வொரு வேட்டுக்கும் பத்துப் புள்ளி கழியும். அந்தக் கட்டத்தில் எனக்குக் கிடைத்தது பூஜ்யம்.

உள்ளே ஒடிந்திருந்தது விசையை முன்னால் தள்ளும் ஒரு சிறிய ஸ்பிரிங். சுண்டுவிரல் நகத்தின் அளவுகூட இல்லை. அதன் விலை ஒரு கோப்பிக்குக் கொடுக்கும் காசைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அது என் கைக்கு வந்து சேர ஐந்து மாதம் ஆயிற்று. அதுவரை என் துப்பாக்கி சுடுதளத்தின் ஆயுதக் கிடங்கில் கிடந்தது. சந்தா கட்டினேன், உரிமத்தைப் பார்த்துக்கொண்டேன், சனிக்கிழமைகளில் கழகத்தின் துப்பாக்கியை வாடகைக்கு எடுத்துச் சுட்டேன். விலை குறைவு என்று வாங்கிய எஃகுத் துப்பாக்கி, அந்த ஐந்து மாதத்தில் எனக்கு மிக விலையுயர்ந்த பொருளாகிவிட்டது.

சிங்கப்பூரில் இந்த விளையாட்டுக்குள் வர நினைக்கும் நம்மவர்கள் சிலர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “குறைந்த விலையில் எந்த எஃகுத் துப்பாக்கி நல்லது?” என்பதுதான். அதற்கு ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருப்பவர் துப்பாக்கி வாங்குவதும் நாம் இங்கே வாங்குவதும் ஒன்றல்ல. நம் துப்பாக்கி வீட்டுக்கு வராது. இந்த ஒரு உண்மையிலிருந்துதான் மற்ற எல்லாக் கணக்கையும் தொடங்க வேண்டும். நான் அதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

தேசிய சேவை என்ற கட்டாயப் படைச்சேவையில் எஸ்ஏஆர் 21 துப்பாக்கியை ஏந்தியவர்களுக்கு ஒரு சடங்கு நினைவிருக்கும். சுடுபயிற்சி முடிந்ததும் வரிசையில் நின்று, தோட்டாவும் வெற்றுக் கூடும் எதுவும் என்னிடம் இல்லை என்று ஒவ்வொருவரும் உரக்க அறிவிக்க வேண்டும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் அது ஒரு வாய்ப்பாடாகத்தான் இருந்தது. இந்த நாட்டில் துப்பாக்கி என்றால் என்ன என்பதன் முழுப் பொருளும் அதில் அடங்கியிருப்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியின்றி ஒரு துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருந்தால் ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. ஒருவரைக் காயப்படுத்தும் நோக்கத்துடன் சுட்டால் மரண தண்டனை. 2021இல் நாடாளுமன்றம் துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாடு பற்றிப் புதிய சட்டம் ஒன்றையும் நிறைவேற்றியது. இந்தக் கண்டிப்பை நான் மதிக்கிறேன். என் பிள்ளைகள் நள்ளிரவில் பஸ் ஏறி வீடு திரும்பும் ஊர் இது.

நான் கழகத்தில் சேரப் போகிறேன் என்றதும் என் மனைவி வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டது ஒன்றே ஒன்று: “அது வீட்டுக்கு வருமா?” வராது என்றேன். “அப்படியென்றால் சரி” என்றாள். அவள் கேட்ட கேள்வியின் ஆழம் எனக்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான் விளங்கியது.

முதலில் 0.22 அங்குலத் தோட்டா சுடும் கைத்துப்பாக்கியில் பழகினேன். பிறகு ஒன்பது மில்லிமீட்டர். கழகத்தின் துப்பாக்கிகள் பாலிமர் என்ற பிளாஸ்டிக் வகைச் சட்டகம் கொண்டவை. அவற்றில் குறை ஒன்றுமில்லை. ஆனால் ஒருநாள் பக்கத்துத் தடத்தில் சுடும் அண்ணன் ஒருவர், செக் நாட்டு சிஇசட் நிறுவனத்தின் ஷேடோ 2 என்ற தன் எஃகுத் துப்பாக்கியைக் கையில் கொடுத்து, ஐந்து தோட்டா சுடச் சொன்னார். முதல் வேட்டு போனதும் முன் குறிமுள் எழுந்து மறுபடி அதே இடத்தில் வந்து உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். பாலிமரில் அது எங்கே போய் எங்கே வருகிறது என்றே எனக்குத் தெரிந்ததில்லை. அன்று முழுக்க எனக்கு வேறு நினைப்பில்லை.

இதில் மாயம் ஒன்றுமில்லை, எடைதான். க்ளாக் 17 போன்ற பாலிமர் துப்பாக்கி, தோட்டா இல்லாமல் 700 கிராமை ஒட்டி இருக்கும். ஷேடோ 2 ஏறக்குறைய 1,330 கிராம். ஒரே தோட்டா இரண்டையும் ஒரே உந்தத்தோடுதான் பின்னுக்குத் தள்ளுகிறது. எடை இரு மடங்கானால் துப்பாக்கி பின்னோக்கி வரும் வேகம் பாதி. கை வாங்கும் ஆற்றலும் பாதி. தோட்டா நிரப்பிய மகசினின் எடை இரண்டிலும் சேருவதால் நடைமுறையில் வேறுபாடு இதைவிடக் கொஞ்சம் குறையும். ஆனாலும் ஒரு போட்டி நாளில் நூற்றைம்பது வேட்டு சுட்டுவிட்டு வந்தால் மணிக்கட்டு அந்த வேறுபாட்டைச் சொல்லும். சிஇசட் குடும்பத் துப்பாக்கிகளில் ஸ்லைடு, சட்டகத்தின் உட்பக்கத் தடத்தில் ஓடுகிறது. அதனால் குழல் கைக்கு அருகில் தாழ்வாக இருக்கிறது. முனை எழும்புவது இன்னும் குறைகிறது.

எஃகுச் சட்டகம் கொண்டவற்றில் விலை குறைந்தவை ஏன் இத்தனை இருக்கின்றன என்று நான் வியந்ததுண்டு. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. சிஇசட் 75 என்ற துப்பாக்கியை அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் ஃபிரான்டிசெக் கவுட்ஸ்கி தம் சகோதரர் யோசெஃபோடு சேர்ந்து வடிவமைத்தார். அதன் காப்புரிமைகள் நாட்டுக்குள்ளேயே இரகசியமாகப் பதியப்பட்டிருந்ததால் வெளிநாடுகளில் அதற்குப் பாதுகாப்பு இருக்கவில்லை. இத்தாலி, துருக்கி, இஸ்ரேல், சுவிட்சர்லாந்து, சீனா என்று பல நாட்டுத் தொழிற்சாலைகள் அதே வடிவத்தை எடுத்துச் செய்தன. இத்தாலியின் டான்ஃபோலியோ அதைத் தனக்கென ஒரு வழியில் வளர்த்தது. இன்று சந்தையில் கிடைக்கும் எஃகுத் துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே வீட்டுப் பிள்ளைகளாக எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் அதுதான்.

மற்றொரு பெரிய குடும்பம் 1911 என்ற பெயர் கொண்ட மாதிரி. பிலிப்பீன்ஸின் மரிகினா நகரத்தில் செய்யப்படும் 1911 துப்பாக்கிகள் விலையில் மிகச் சகாயம், எஃகுச் சட்டகம், விசை இனிமையானது. ஆனால் எந்தப் பிரிவில் போட்டியிடப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யாமல் அதை வாங்கக் கூடாது. 1976இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் தொடங்கப்பட்ட, இந்த விளையாட்டை நடத்தும் பன்னாட்டு அமைப்பான ஐபிஎஸ்சியின் விதிகளில் புரொடக்‌ஷன் என்ற பிரிவு உண்டு. புதியவர்கள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறோம். சிங்கிள் ஆக்‌ஷன் மட்டும் கொண்ட, அதாவது தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியை முன்பே பின்னுக்கு இழுத்து வைத்தால்தான் சுடும் 1911 அதில் நுழைய முடியாது. அதற்கு கிளாசிக் என்று தனிப் பிரிவு. அழகுக்கு மயங்கி 1911 வாங்கிய நண்பர் ஒருவர், தம் பிரிவில் தம்மையும் சேர்த்து மூன்றே பேர்தான் இருப்பதைப் போட்டி நாளில் கண்டார். மூவரில் மூன்றாவதாக வருவது எதையும் கற்றுத் தராது.

இப்போது என் தவற்றைச் சொல்கிறேன். ஷேடோ 2 என் கைக்கு எட்டாத விலை. அதே வடிவத்தில், அதே எடையில், ஏறத்தாழ பாதி விலையில், எங்கோ ஒரு நாட்டில் செய்த துப்பாக்கி ஒன்று இருப்பதாக அறிந்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. துப்பாக்கி கெட்டதென்றும் சொல்லமாட்டேன். அது நன்றாகச் சுட்டது. இருபத்தைந்து மீட்டரில் என் கைத்திறமையைவிட அதன் திறமை அதிகம். உரிமத்துக்கு விண்ணப்பித்து, காத்திருந்து, பணம் கட்டி, அது கிடங்கில் வந்து சேர்ந்த அன்று, ஷேடோ 2 கொடுத்துப் பழக்கிய அதே அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, இதில் ஒரு ஸ்பிரிங் ஒடிந்தால் யாரிடம் கேட்பாய்?” என்று மட்டும் கேட்டார். எனக்கு அப்போது அந்தக் கேள்வி உறைக்கவில்லை.

துப்பாக்கியின் பாகம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அது துப்பாக்கியின் பாகம். இணையத்தில் பார்த்தோம், தபாலில் வரவழைத்தோம் என்று இங்கே இருக்க முடியாது. அப்படிச் செய்ய நான் துணியவும் மாட்டேன். வேறு யாரையும் துணியவும் சொல்லமாட்டேன். உரிமம் பெற்ற வணிகர் வழியாக, உரிய அனுமதியோடு வர வேண்டும். ஒருவருக்காக ஒரு ஸ்பிரிங்கை எந்த வணிகரும் தனியாக வரவழைக்க விரும்பமாட்டார். வேறு பொருள்களோடு சேர்ந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். என் கழகத்தில் அந்த வகைத் துப்பாக்கி வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். ஷேடோ வகை வைத்திருந்தவர்கள் பத்துக்கு மேல். அவர்களில் யாருக்காவது ஸ்பிரிங் ஒடிந்தால் அடுத்தவரின் பையிலிருந்து ஒன்று வரும். பத்து நிமிடத்தில் வேலை முடியும். ஆகவே என் முதல் பரிந்துரை இதுதான்: உங்கள் கழகத்தில் அதிகம் பேர் எந்தத் துப்பாக்கியைச் சுடுகிறார்களோ, அந்தக் குடும்பத்திலேயே வாங்குங்கள். 2022இல் பட்டாயாவில் நடந்த உலகப் போட்டியை ஒரு வாரம் பார்வையாளனாக நின்று பார்த்தேன். அங்கேயும் என் கண்ணில் பட்ட இடுப்புகளில் ஒரே முகம்தான் திரும்பத் திரும்பத் தெரிந்தது.

ஸ்பிரிங்கைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இதைத்தான் நான் எல்லோரிடமும் வலியுறுத்திச் சொல்கிறேன்.

பிற நாட்டு வீரர்கள் தினமும் இரவு வீட்டில், தோட்டா இல்லாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து விசை இழுத்துப் பழகுகிறார்கள். பயிற்சிக் காணொளிகள் எல்லாமே அதை அடிப்படையாகக் கொண்டவை. உறையிலிருந்து எடு, குறி வை, இழு. ஒருநாளைக்கு நூறு முறை. நம்மால் அது முடியாது. துப்பாக்கி கிடங்கில் இருக்கிறது. சரி, பொம்மையை வைத்துப் பழகலாமே என்றால், காற்றில் சிறு உருண்டை சுடும் ஏர்சாஃப்ட் வகைகூட அனுமதியின்றி வைத்திருக்கக் கூடாதது. நம்முடைய விரல் அந்த விசையைத் தொடும் நேரமெல்லாம் சுடுதளத்தில் செலவிடும் நேரம் மட்டுமே. எனக்கு அது வாரத்தில் இரண்டு மணி நேரம். மழை, வேலை, ரிசர்வ் அழைப்பு எல்லாம் போக மாதத்துக்கு ஆறு மணி நேரம் தேறினால் அதிகம்.

இதை எஃகுத் துப்பாக்கியோடு பொருத்திப் பாருங்கள். சிஇசட் குடும்பமும் டான்ஃபோலியோவும் டபுள் ஆக்‌ஷன், சிங்கிள் ஆக்‌ஷன் இரண்டும் கலந்தவை. முதலாவதில், விசையை இழுக்கும்போது அதுவே சுத்தியைப் பின்னுக்கு இழுத்துச் சுடும். புரொடக்‌ஷன் பிரிவில் சுத்தியை முழுதாக இறக்கிய நிலையில்தான் தொடங்க வேண்டும். முதல் வேட்டுக்கு விசை நீளமாக, கனமாக வரும். இரண்டாவது வேட்டிலிருந்து குட்டையாக, இலேசாக வரும். ஒரே துப்பாக்கியில் இரண்டு விசைகள். வீட்டில் பழக முடியாதவனுக்கு இந்த முதல் இழுப்புதான் பெரும் சோதனை. பெரும்பாலோர் விசையை இழுக்கும்போது முனையை இடது கீழே தள்ளிவிடுகிறோம், வலக்கைக்காரர்களைச் சொல்கிறேன்.

இதன் விலையைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பன்னிரண்டு வேட்டுக் கட்டத்தில் எல்லாம் நடுவில் பட்டால் அறுபது புள்ளி. பத்து விநாடியில் முடித்தால் அறுபதைப் பத்தால் வகுத்து 6.0 கிடைக்கிறது. புள்ளியை நேரத்தால் வகுப்பதுதான் இந்த விளையாட்டின் உயிர். முதல் வேட்டு மட்டும் இலக்கின் ஓரத்து டி பகுதியில் விழுந்தால் ஐந்துக்குப் பதில் ஒரு புள்ளி, மொத்தம் 56, விடை 5.6. அதற்குப் பதில் முதல் வேட்டை அவசரப்படாமல் அரை விநாடி கூடுதலாக எடுத்து நடுவில் போட்டால் 60ஐ 10.5ஆல் வகுத்து 5.71. பொறுமை வெல்கிறது. நான் ஓராண்டுக்கு மேல் முதல் வேட்டை அவசரத்தில் டியில் போட்டுப் போட்டே ஒவ்வொரு கட்டத்திலும் தோற்றுக்கொண்டிருந்தேன். பழியை விசை மீது போட்டு, இலேசான ஸ்பிரிங் தேடினேன். ஒடிந்தது அப்படிப் போட்ட இலேசான ஸ்பிரிங் அல்ல, துப்பாக்கியோடு வந்ததுதான். ஆனாலும் என் கவனம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கவில்லை. விதியும் ஓரளவுக்கு மேல் இலேசாக்க விடாது: முதல் வேட்டுக்கு விசை குறைந்தது 2.27 கிலோ, அல்லது எல்லா வேட்டுக்கும் 1.36 கிலோ இருக்க வேண்டும்.

இரண்டாவது முறை துப்பாக்கி தேடியபோது, விலைப்பட்டியலை மூடிவைத்துவிட்டு என் கையிலிருந்து தொடங்கினேன். என் கை சிறியது. விசை டபுள் ஆக்‌ஷனில் இருக்கும்போது பிடியின் பின்புறத்திலிருந்து தொலைவில் நிற்கிறது. சுத்தியை இறக்கிவிட்டு, முன்கை எலும்பும் குழலும் ஒரே கோட்டில் வரும்படி பிடித்து, ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் சதைப் பகுதி விசையின் நடுவில் படுகிறதா என்று பார்க்க வேண்டும். விரல் நுனி மட்டும்தான் எட்டுகிறது என்றால், எட்டுவதற்காக நாம் துப்பாக்கியைக் கையில் திருப்பிவிடுவோம். பின்னுதைப்பு எலும்பில் போகாமல் கட்டைவிரலில் போகும். நண்பர் ஒருவரின் டான்ஃபோலியோ ஸ்டாக் 2 எனக்கு மிகவும் பிடித்த துப்பாக்கி. ஆனால் அதன் விசையை என் விரல் நுனிதான் தொட்டது. பெரிய மனத்தாங்கலோடு திருப்பிக் கொடுத்தேன். மெல்லிய அலுமினியப் பிடித்தகடு போட்டால் இரண்டு மில்லிமீட்டர் மிச்சப்படும் என்றார். இரண்டு மில்லிமீட்டர் எனக்குப் போதவில்லை.

இன்னொன்று, நம் ஊரின் வெக்கை. சிஇசட் வகையில் ஸ்லைடு சட்டகத்துக்குள் ஓடுவதால், பிடித்து இழுக்க வெளியே தெரியும் பகுதி குறைவு. குளிரூட்டிய கடையில் நின்று இழுத்துப் பார்த்தால் எல்லாம் சுலபம். பிற்பகல் மூன்று மணிக்குச் சுவா சூ காங் பக்கம் திறந்தவெளிச் சுடுதளத்தில், விரலெல்லாம் வியர்த்திருக்கும்போது இழுத்துப் பார்க்க வேண்டும். வழுக்கினால், ஸ்லைடின் முன்பக்கத்தில் ஆழமான வெட்டுகள் உள்ள வகையைத் தேர்ந்துகொள்ளுங்கள். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

கடைசியில் எனக்கு வாய்த்தது பயன்படுத்திய எஸ்பி-01 ஷேடோ. குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போகும் உறுப்பினர் ஒருவருடையது. புதிய ஷேடோ 2 விலையில் பாதிகூட இல்லை. நான் முன்பு வாங்கிய புதிய துப்பாக்கியைவிடவும் குறைவு. எடை ஷேடோ 2ஐவிடக் கொஞ்சம் இலேசு, பாலிமரைவிட நன்றாகக் கனம். கழகத்துக்குள்ளேயே கைமாறும் துப்பாக்கியில் ஒரு பெரும் நன்மை உண்டு: அதன் வாழ்க்கை முழுவதும் ஒரே கிடங்கில் கழிந்திருக்கும். யார் சுட்டார், எத்தனை சுட்டார், எப்போது என்ன மாற்றினார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் ஒரு சிறிய குறிப்பேடு வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் சுட்ட தோட்டாக்களின் எண்ணிக்கை அதில் இருந்தது. துப்பாக்கியைப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் குறிப்பேட்டைப் பார்த்து நான் முடிவு செய்துவிட்டேன் என்றே சொல்லலாம்.

ஆனாலும் பிரித்துப் பார்த்தோம். அண்ணன் உடனிருந்தார். ஸ்லைடு ஸ்டாப் என்ற குறுக்கு ஊசியில் கீறல் விழுந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தார். இந்தக் குடும்பத்தில் தேய்ந்து ஒடியும் பாகம் அது, ஆகவே ஒன்று கூடுதலாகக் கையிருப்பில் வேண்டும். பிறகு குழலின் மேலுள்ள பூட்டுப் பற்களின் விளிம்பு நசுங்கியிருக்கிறதா, சட்டகத் தடம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா, தோட்டாக் கூட்டை இழுக்கும் கொக்கி கூர்மையாக இருக்கிறதா என்று விளக்கொளியில் பார்த்தார். பின்னுதைப்பு ஸ்பிரிங்கை மட்டும் அன்றே மாற்றினோம். பயன்படுத்திய துப்பாக்கியின் ஸ்பிரிங்குகளை நம்பாதீர்கள். மொத்தமாகப் புதியதாக்கிவிட்டு அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள். நான் 3,000 வேட்டுக்கு ஒருமுறை பின்னுதைப்பு ஸ்பிரிங்கை மாற்றிவிடுகிறேன்.

துப்பாக்கியின் விலையோடு கணக்கு முடிவதில்லை. நீளமான கட்டத்தில் 32 வேட்டு வரை வரும். புரொடக்‌ஷனில் ஒரு மகசினில் 15தான் நிரப்பலாம். குறி தவறுவதையும் தோட்டா சிக்குவதையும் எண்ணினால் நான்கு மகசின் வேண்டும், ஐந்து இருந்தால் நிம்மதி. சிஇசட்டும் டான்ஃபோலியோவும் அண்ணன் தம்பிபோல் தோற்றமளித்தாலும் ஒன்றின் மகசின் மற்றதில் அப்படியே பொருந்தும் என்று நம்பி வாங்காதீர்கள். உறை, அரைக்கச்சை, மகசின் பைகள், காதுக்கவசம், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் ஒரு தொகை. தோட்டாவோ எல்லாவற்றையும் விழுங்கிவிடும். முதல் ஆண்டு நான் சுட்ட தோட்டாக்களின் விலை, துப்பாக்கியின் விலையை எட்டாம் மாதத்திலேயே தாண்டிவிட்டது. ஆயிரம் வெள்ளி மிச்சம் பிடித்துத் துப்பாக்கி வாங்கி, தோட்டாவுக்குப் பணமில்லாமல் மாதம் ஒருமுறை சுடுபவர் மிச்சம் பிடித்தது எதுவுமில்லை.

தோட்டாவிலும் ஒரு சிறு எச்சரிக்கை. குண்டின் எடையை கிரெய்ன் என்ற அளவிலும் வேகத்தை விநாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வரும் எண் 125க்குக் குறையக் கூடாது. 124 கிரெய்ன் குண்டு 1,050 அடி வேகத்தில் போனால் 130.2, பாதுகாப்பு. 115 கிரெய்ன் குண்டு 1,100 அடியில் 126.5, விளிம்பில் நடப்பது. குழல் கொஞ்சம் குட்டையானால் வேகம் குறையும். சோதனையில் 125க்குக் கீழே போனால் நாள் முழுக்கச் சுடலாம், புள்ளி மட்டும் சேராது. எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் அதன் குழலில் உங்கள் தோட்டாவின் வேகத்தை அளந்துவிடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. என் துப்பாக்கியில் சுத்தியைத் தானாக இறக்கும் நெம்புகோல் இல்லை. தோட்டா நிரப்பித் தயாராகச் சொல்லும் “லோட் அண்ட் மேக் ரெடி” என்ற கட்டளைக்குப் பிறகு, தோட்டா குழலில் இருக்கும்போதே, சுத்தியை இடக்கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறுகப் பிடித்து, விசையை இழுத்து, மெல்ல முழுதாக இறக்க வேண்டும். விரல் நழுவினால் தோட்டா வெடிக்கும். அந்த நொடியே போட்டியிலிருந்து வெளியேற்றப்படுவோம். வியர்வையோடு இதை ஒருபோதும் செய்யாதீர்கள். நான் ஒவ்வொரு முறையும் கையைத் துண்டில் துடைத்துவிட்டு, குழல் முனை மண்மேட்டைப் பார்த்திருப்பதைக் கண்ணால் உறுதிசெய்துகொண்டுதான் இறக்குகிறேன். இதற்குப் பத்து விநாடி ஆகும். பின்னால் நிற்பவர்கள் காத்திருக்கட்டும். இந்தச் செயல் உங்களுக்கு அச்சம் தருகிறது என்றால், சுத்தியை இறக்கும் நெம்புகோல் கொண்ட வகையையே வாங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எஃகு துருப்பிடிக்கும், நம் ஊர்க் காற்றில் விரைவாகவே பிடிக்கும். சட்டகத்தின் கறுப்புப் பூச்சு நன்றாகத் தாங்குகிறது. துரு முதலில் தலைகாட்டுவது சிறு ஊசிகளிலும் குறிமுள்ளின் ஓரங்களிலும்தான். மழையில் சுட்ட அன்று, களைப்பாக இருந்தாலும், பிரித்துத் துடைத்து எண்ணெய் தடவாமல் கிடங்கில் ஒப்படைக்காதீர்கள். அடுத்த சனிக்கிழமைவரை நீங்கள் அதைத் தொட முடியாது என்பது நினைவில் இருக்கட்டும்.

வீட்டில் செய்யக்கூடியவையும் இல்லாமல் இல்லை. கைப்பிடி வலுவாக்கும் கருவியை எம்ஆர்டி ரயில் பயணத்தில் அழுத்துகிறேன். ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியை இரு கைகளாலும் நீட்டிப் பிடித்து நிற்கிறேன். கட்டத்தின் வரைபடத்தைத் தாளில் வரைந்து, வரவேற்பறையில் எந்த இடத்தில் நிற்பது, எங்கே மகசின் மாற்றுவது என்று வெறுங்கையோடு நடந்து பார்க்கிறேன். சுடுதளத்தில் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் முதல் அரை மணியைத் தோட்டாவுக்குச் செலவிடுவதில்லை. அதிகாரியின் அனுமதியோடு, போலித் தோட்டாவை இட்டு, டபுள் ஆக்‌ஷன் இழுப்பை மட்டும் நாற்பது முறை இழுக்கிறேன். பிறகு பத்து மீட்டரில், ஒவ்வொன்றும் சுத்தி இறக்கிய நிலையிலிருந்து, பத்து முதல் வேட்டு. பத்தில் எட்டு நடுவில் விழாதவரை வேறு பயிற்சிக்குப் போவதில்லை. ஆறு மாதத்தில் என் புள்ளிகளில் ஏற்பட்ட மாற்றம், எந்த விலைத் துப்பாக்கியும் தந்திருக்காத மாற்றம்.

சென்ற ஆயுத பூசையன்று, மற்றவர்கள் தங்கள் கருவிகளைச் சாமி அறையில் வைக்கும்போது, நானும் என் அரைக்கச்சையையும் வெற்று உறையையும் காதுக்கவசத்தையும் கொண்டுவந்து வைத்தேன். மனைவி அவற்றுக்குச் சந்தனப் பொட்டு இட்டாள். உறையின் காலியிடத்தைப் பார்த்து, உள்ளே ஒரு செவ்வரளிப் பூவைச் செருகிவைத்தாள். அடுத்த சனிக்கிழமை சுடுதளத்தில் உறையை அணிந்தபோது அடியில் ஒரு வாடிய இதழ் ஒட்டியிருந்தது.

போன மாதம், தேசிய சேவையை முடித்த தமிழ் இளைஞர் ஒருவர் கழகத்துக்கு வந்தார். சம்பளம் வாங்கத் தொடங்கி ஓராண்டுதான் ஆகிறது; கைப்பேசியில் ஒரு துப்பாக்கியின் படத்தைக் காட்டினார். நான் முதலில் வாங்கிய அதே வகை. விலை இன்னும் குறைந்திருந்தது. நான் எதுவும் சொல்லாமல், அதிகாரியிடம் அனுமதி கேட்டு, மூன்று உறுப்பினர்களின் துப்பாக்கிகளை மேசைமேல் வரிசையாக வைக்கச் சொன்னேன். மூன்றும் காலி என்று மூன்று பேர் பார்த்து உறுதிசெய்தோம். சுத்தியை இறக்கிவிட்டு, “விரல் எங்கே படுகிறது என்று பாருங்கள், தம்பி” என்றேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, மணிக்கட்டை நேராக்கி, விரலை விசையில் வைத்தார். இரண்டாவதில் வெகுநேரம் நின்றார். பிறகு படத்தை மூடிவிட்டு, அந்த இரண்டாவது துப்பாக்கியை வைத்திருப்பவர் அதை விற்கும் எண்ணத்தில் இருக்கிறாரா என்று கேட்டார்.